வேலையில்லாத கம்பி

பைகாரா மின்சாரம் எங்கள் பக்கம் வந்த புதிது. சூலூரிலிருந்து கோயமுத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் ஸீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரத்து அம்மாள் திடீரென்று சொன்னார்:

"எங்க தோட்டத்துல வேலையே இல்லாத கம்பி ஒண்ணு இருக்குதுங்க. நாஞ் சொல்லித்தான் அதைத் தடிமனாப் போட்டாங்க."

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"அதென்ன கம்பிங்க?" என்றார் பக்கத்து அம்மாள்.

"எர்த்துக் கம்பிங்க. ஊட்டுல இருந்து மூணு சோளக்காடு தாண்டிக் கெணறு. அத்தனை தூரம் போனா கரண்டு சளைச்சுப்போகும்னு, மோட்டாருக்குப் போற கம்பியெல்லாம் பெருசாப் போட்டாரு பிட்டரு. எர்த்துக்கு மட்டும் சன்னக் கம்பி. கேட்டா, 'அதுல கரண்டே போகாதுங்கம்மா'ங்கறாரு."

"நெசந்தானுங்களே?"

"மோட்டார் ஒடம்புல கரண்டு கசியற அன்னிக்குப் போகோணுமில்லீங்க? அன்னிக்கு மட்டும் கெணறு கிட்டக்க வந்துருங்களான்னு கேட்டேன். போயிப் பெரிய கம்பியை எடுத்தாந்தாரு."

"அப்புறம் கசிஞ்சுதுங்களா?"

"போன வாரமுங்க. எங்கூட்டுக்காரரு மோட்டார் மேல கை வெச்சுட்டு நிக்கறாரு, ஊட்டுல பீஸ் பட்டுன்னு போயிருச்சு. சன்னக் கம்பியா இருந்திருந்தா பீஸ் போயிருக்காது, ஆளு போயிருப்பாருன்னு பிட்டரே சொன்னாருங்க."

"ஐயோ! உங்கூட்டுக்காரரு என்ன சொன்னாருங்க?"

"நாந்தான் ஊட்டுல சுச்சை அமத்திப்போட்டேன்னு நெனச்சுட்டு, மூணு காட்டுக்கும் கேக்கறாப்பல என்னைய வைஞ்சுட்டே வந்தாருங்க."

பஸ் பீளமேட்டில் நின்றது. அந்த அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"காது குளிரக் கேட்டேனுங்க."