நாயின் நாற்றமும் ஒரு நீலச் சட்டையும்

உப்புக் காற்று உலவும் ஊரிலே, ஒரே நாளில் ஓலைப் பந்தல் எழுப்பி, ஊர்ப் பெருமக்கள் அனைவரையும் ஒன்றுசேர்த்து, உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்தும் உள்ளத்தால் எங்களோடு தரையில் அமர்ந்திருக்கும் உப்பளத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஐயா பக்தவச்சலம் அவர்களே! வாயில்லாப் பிறவிகளின் வலியை வால் அசைவிலேயே வாசித்துவிடும் வல்லமை படைத்த கால்நடை மருத்துவர் சத்யப்ரியா அம்மையார் அவர்களே! வெள்ளை உப்பை வாரி வாரி, அந்த வெண்மையைத் தலையிலும் ஏற்றுக்கொண்ட பெரியோர்களே! புடவைக்கு மேலே புருஷன் சட்டையைப் போட்டுக்கொண்டு, வெயிலை வேலைக்காரனாக்கி உப்பு விளைவிக்கும் தாய்மார்களே! கயிற்றின் இந்த முனையைப் பிடித்திருக்கும் நண்பர்களே! அதே கயிற்றின் அந்த முனையில், தடுப்பூசி போடப் போகிறார்கள் என்பது தெரியாமல் வாலாட்டிக்கொண்டிருக்கும் நாலு கால் நல்லவர்களே! எல்லோருக்கும் இந்தத் தேவநாதனின் தலை தாழ்ந்த வணக்கம்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு என்ன? நோட்டீசைப் பாருங்கள். ‘நாய்களின் துர்நாற்றம்: காரணங்களும் தீர்வுகளும்.’ கல்யாண மேடையில் காதலைப் பற்றிப் பேசியிருக்கிறேன். காரியப் பந்தலில் கண்ணீரைப் பற்றிப் பேசியிருக்கிறேன். மே தினத்தில் உழைப்பைப் பற்றித் தொண்டை கட்டும் வரை பேசியிருக்கிறேன். நாற்றத்தைப் பற்றிப் பேச இன்றைக்குத்தான் அழைப்பு வந்திருக்கிறது! டாக்டரம்மா என்னை அழைத்தது நான் அறிஞன் என்பதாலா? அல்ல. ஆராய்ச்சி செய்தவன் என்பதாலா? அல்ல, அல்ல. நான் குற்றவாளி என்பதால் அழைத்தார்கள். குற்றவாளியே வந்து சொன்னால் ஊர் நம்பும் என்று நினைத்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டு நாயின் பெயர் மேஸ்திரி. சிரிக்காதீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் காசிலிங்கம் மேஸ்திரி அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பெயரை வைத்தது நான் அல்ல, என் மனைவி திரௌபதி. உப்பு அம்பாரத்தை மூடியிருந்த ஓலைக்கு அடியில் கண் திறக்காத குட்டியாக அதைக் கண்டெடுத்து, தன் சட்டைக்குள் போட்டு எடுத்து வந்தவள் அவள்தான். அது வளர்ந்ததும் தினமும் காலையில் உப்பளத்துக்கு வரும். ஒவ்வொரு பாத்தியாக வரப்பின்மேல் நடந்து பார்க்கும். ஒரு வேலையும் செய்யாது. பிறகு நிழலில் போய்ப் படுத்துக்கொள்ளும். வேறென்ன பெயர் வைப்பது?

(“அப்ப நான் நிழல்ல படுக்கிறேன்னு சொல்றியா?” என்கிறார் மேஸ்திரி. இல்லை ஐயா. நீங்கள் நிழலில் உட்காருகிறீர்கள். அவ்வளவுதான்.)

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஆவணி மாதம். திரௌபதி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டாள். இரண்டு வருடம். கூரையை எடுத்துவிட்டு ஓடு போட வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேரின் ஆசை. அதற்கு ஒருவர் போக வேண்டும், ஒருவர் இருக்க வேண்டும். அவள் போனாள், நான் இருந்தேன். பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் வந்து நின்றது. ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்று சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். என்ன சொன்னாள் தெரியுமா?

“மேஸ்திரிய பார்த்துக்கய்யா. அது மேல நாத்தம் வர வுட்றாத. நாத்தம் வந்துச்சின்னா எவனும் கிட்ட சேர்க்க மாட்டான். கல்லெடுத்து அடிப்பானுங்க.”

“சரி, பார்த்துக்கறேன்” என்று சொன்னேன். கொடுத்த வாக்கு அது ஒன்றுதான். பஸ் போயிற்று. மேஸ்திரி பின்னாலேயே ஓடியது. உப்பு ஆபீஸ் வரை ஓடி, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. நான் ஓடவில்லை. ஓட நினைத்தேன்.

அந்த மார்கழி. கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை. அதைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. இங்கே இருப்பவர்களில் அன்று இழந்தவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் முன்னால் என் நாயின் கதையைப் பெரிதாகச் சொல்ல எனக்கு வாய் வராது. இவ்வளவு மட்டும் சொல்கிறேன். மேஸ்திரியை இரண்டு நாள் காணவில்லை. மூன்றாம் நாள் கறுப்புச் சேறு பூசிக்கொண்டு வந்தது. அன்றைக்குப் பிடித்தது அந்த நாற்றம்.

எப்படிப்பட்ட நாற்றம்? கருவாட்டுக் கூடையும் ஈரச் சாக்கும் ஒன்றாக நொதித்த நாற்றம்! டீக்கடையில் விரட்டினார்கள். பஸ் ஸ்டாண்டில் விரட்டினார்கள். அவள் சொன்னபடியே கல்லும் விழுந்தது. வாக்குக் கொடுத்தவன் சும்மா இருப்பேனா? செய்தேன் வைத்தியம். உப்பளத்துக்காரன் மட்டுமே செய்யக்கூடிய வைத்தியம்!

மீனைக் கெடாமல் காப்பது எது? உப்பு. மாங்காயைக் கெடாமல் காப்பது எது? உப்பு. உலகத்தையே கெடாமல் காக்கும் உப்பு, என் ஒரு நாயைக் காக்காதா? சனிக்கிழமைதோறும் மேஸ்திரியைப் பாத்திக்கு அழைத்துப் போனேன். உப்பு பூக்கத் தொடங்கிய கெட்டித் தண்ணீரைக் குடம் குடமாக மொண்டு அதன் தலையில் ஊற்றினேன். வெயிலில் நிற்கவைத்தேன். அது வெள்ளை நாயாக வீடு திரும்பும். மேலே கொஞ்சம் வாசனைப் பவுடர். ஆஹா! என்னைப்போல் நாய் வளர்ப்பவன் உண்டா என்று எனக்கு நானே மார்தட்டிக்கொண்டேன்.

கையை உயர்த்துங்கள் பார்ப்போம்! இங்கே எத்தனை பேர் நாயைப் பாத்தித் தண்ணீரில் குளிப்பாட்டுகிறீர்கள்? அடேயப்பா. டாக்டரம்மா, குற்றவாளிக் கூண்டில் இடம் போதாது போலிருக்கிறதே!

அருமைத் தோழர்களே, கேளுங்கள். அந்தக் கெட்டித் தண்ணீரில் நின்று நின்று நம் பாதம் என்ன ஆகிறது? காய்கிறது, வெடிக்கிறது, புண்ணாகிறது. தினம் தினம் அதைப் பார்க்கிற நான், நாயின் தோலும் தோல்தான் என்பதை மறந்துவிட்டேன். தோல் வறண்டு வெடித்தது. வெடிப்பில் கிருமி குடியேறியது. மேஸ்திரிக்கு ஒரு காது மடங்கிய காது. அதற்குள் ஈரம் தங்கி, சீழ் பிடித்தது. நாற்றம் போகவில்லை, இரட்டிப்பானது. நாற்றம் என்பது அழுக்கு மட்டுமல்ல. நாய் நமக்கு எழுதுகிற மனு அது. ‘எனக்கு உடம்பு சரியில்லை’ என்கிற மனு. நான் அந்த மனுவின்மேல் பவுடரைக் கொட்டினேன்.

சென்ற மாசி மாதம் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். மூக்கைப் பிடிக்காமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்கள்தான். காதைப் பார்த்தார்கள். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்கள். சொத்தைப் பல்லும் நாறும் என்றார்கள். வாலைத் தூக்கியும் பார்த்தார்கள். அங்கே இரண்டு பக்கமும் இரண்டு சின்னப் பைகள் இருக்கின்றனவாம். அவை அடைத்துக்கொண்டால் நாய் பின்புறத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே போகும், மீன் நாற்றம் வீசும். சிரிக்கிறீர்கள், நானும் சிரித்தேன். அப்படிக் கண்டால் சிரித்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

“இனிமே உப்புத் தண்ணி தொடவே கூடாது அண்ணா. நல்ல தண்ணி, நான் தர்ற ஷாம்பு. நம்ம சோப்பு வேணாம். காதுக்கு மருந்து ஊத்திப் பஞ்சால தொடைங்க. முக்கியமா ஈரம் போகத் துவட்டுங்க, விரல் சந்து வரைக்கும். குணமானப்புறம் மாசத்துக்கு ஒரு வாட்டி, ரெண்டு வாட்டி குளிச்சாப் போதும்,” என்றார்கள்.

(அங்கே பின்னாலிருந்து ஒரு தாய் கேட்கிறார், “நல்ல தண்ணிக்கு எங்க போறது?” என்று.)

நியாயமான கேள்வி தாயே! குழாயடியில் குடத்தோடு நின்றேனே, அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள்? “யோவ், எங்களுக்கே குடிக்கத் தண்ணியக் காணோம், ஒன் நாய்க்குத் தலைக்குக் குளியலா?” என்றீர்களா இல்லையா? மறக்கவில்லை. ஒரே ஒரு குடம் பிடித்துக்கொண்டேன். ஒரு குடம் போதும். சொம்பால் மொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் ஒரு நாய்க்கு ஒரு குடம் போதும்.

குளிப்பாட்டினேன். துவட்டினேன். நாற்றம் போயிற்று. நாலாம் நாள் திரும்பி வந்தது! மறுபடி குளியல், மறுபடி நாலாம் நாள். மூன்றாவது முறையும் அப்படியே. காது மறுபடி சீழ் வைத்தது. மேஸ்திரி சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. டாக்டரம்மா நேராக என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். கேட்டது ஒரே கேள்வி.

“இது எதுல படுக்குது?”

பெரியோர்களே, தாய்மார்களே, இந்த இடத்தில் உங்கள் தேவநாதனுக்குக் குரல் கொஞ்சம் இறங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது படுத்திருந்தது ஒரு நீலச் சட்டையின்மேல். திரௌபதி உப்பளத்துக்குப் போட்டுக்கொண்டு போன என் பழைய சட்டை. போகும்போது ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். அவள் போன மறுநாளே மேஸ்திரி அதை இழுத்துக் கட்டிலுக்கு அடியில் போட்டுப் படுத்துக்கொண்டது. கைமுட்டியில் உப்புக் காய்ந்து விறைத்த சட்டை. அவள் வேர்வை, அவள் வைத்த தேங்காய் எண்ணெய், அவள் சுமந்த உப்பு. அதை நான் ஒரு நாளும் துவைக்கவில்லை. ஏன் என்று கேட்கிறீர்களா? வேலை முடிந்து வந்தால் நானும் குனிந்து அந்தச் சட்டையை எடுத்து ஒரு தடவை முகத்தில் வைத்துக்கொள்வேன். நாய் படுத்த சட்டை. சீழும் சேறும் பட்ட சட்டை. அதற்குள் எங்கேயோ அவள் இருந்தாள்.

“இதான் காரணம் அண்ணா. இதுல இருக்கிற கிருமிதான் திரும்பத் திரும்ப ஏறுது. கொதிக்கிற தண்ணில போட்டுத் துவைச்சி வெயில்ல காய வைங்க,” என்றார்கள் டாக்டரம்மா.

“துவைச்சிட்றேம்மா” என்றேன். துவைக்கவில்லை. அடுத்த வாரம் கேட்டார்கள். “துவைச்சிட்டேன்” என்றேன். மூன்று வாரம் பொய் சொன்னேன். இன்று, இந்த மேடையில், ஒலிபெருக்கியில், உங்கள் அனைவர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன் அம்மா. நாயைக் காப்பாற்ற வேண்டுமானால் அவளுடைய வாசனை போக வேண்டும். அவளுடைய வாசனை இருக்க வேண்டுமானால் அவள் ஒப்படைத்த நாய் சாக வேண்டும். எதைச் செய்வேன்? நான் எதைச் செய்வேன்?

வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு. சேட்டு பாய் பூத்துக்கு போன் வரும். எடுத்ததும் முதல் கேள்வி, “மேஸ்திரி நாத்தம் அடிக்குதா?” ஒவ்வொரு வாரமும் இல்லை என்றுதான் சொல்வேன். அந்த வெள்ளிக்கிழமை சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாத்தித் தண்ணீர், சீழ், சட்டை, பொய், எல்லாம்.



“அந்தச் சட்டைல இன்னாய்யா வாசன அடிக்குது?” என்று கேட்டாள்.

“உப்பு. வேர்வை. ஒன் எண்ணெ.”

“எனக்கு இங்க ஒரு வாசனையும் இல்லய்யா. காலைல ஒரு தரம், சாயந்தரம் ஒரு தரம் குளிக்கச் சொல்றாங்க. அவங்க குடுக்கிற சோப்பு. என் கைய மோந்து பார்த்தா யார் கையோ மாதிரி இருக்குது.” அழுதாள். நானும் பூத்துக் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எங்கள் ஊர்ப் பெண்ணாகவே சொன்னாள்.

“துவைச்சிப் போட்டுட்றா சாமி. சட்டையா நானு? நான் வந்து அத மறுபடி அழுக்காக்கித் தர்றேன்.”

அன்றே துவைத்தேன். அண்டாவில் தண்ணீர் கொதித்தது. சட்டையை உள்ளே விட்டபோது கடைசியாக ஒரு முறை அந்த வாசனை ஆவியாக எழுந்து வந்து என் முகத்தில் பட்டது. மேஸ்திரியும் மூக்கைத் தூக்கி நின்றது. இரண்டு பேரும் அது போகும் வரை நின்றோம்.

காய்ந்த சட்டையைக் கீழே போட்டேன். மேஸ்திரி முகர்ந்து பார்த்தது. சுற்றிச் சுற்றி வந்தது. அதன்மேல் படுக்கவில்லை, பக்கத்தில் படுத்தது. மறுநாள் நானே எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு, வேறு துணி விரித்தேன். நாலாம் நாள் வந்தது, நாற்றம் வரவில்லை. பத்தாம் நாள் வந்தது, நாற்றம் வரவில்லை! காது ஆறியது. சோறு இறங்கியது. இதோ மேடைக்குக் கீழே படுத்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து முகர்ந்து பாருங்கள்!

இப்போது தினமும் சென்னை பஸ் வரும் நேரத்துக்கு மேஸ்திரி பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறது. யாரும் விரட்டுவதில்லை. டீக்கடைக்காரர் பொறை ரொட்டி போடுகிறார். இறங்குகிற ஒவ்வொருவரையும் பார்த்துவிட்டு, பஸ் போன பிறகு எழுந்து வீட்டுக்கு வருகிறது. நான் போவதில்லை. அது திரும்பி வரும்போது அதன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

ஆகவே, என் அன்புக்குரியவர்களே! நாய் நாறினால் விரட்டாதீர்கள். காதைப் பாருங்கள், பல்லைப் பாருங்கள், தோலைப் பாருங்கள், வாலுக்கு அடியிலும் பாருங்கள். அது படுக்கிற துணியை முதலில் பாருங்கள். உப்பை உப்பாக விற்போம், அதில் நாயை ஊறவைக்க வேண்டாம். துவைக்க மனம் வராத துணி ஏதாவது உங்கள் வீட்டிலும் இருந்தால், ஐயா, அம்மா, இன்றைக்கே துவைத்துவிடுங்கள். போனவர்கள் துணியில் இல்லை.

இன்னும் மூன்று மாதத்தில் ஆவணி பிறக்கும். இரண்டு வருடம் முடியும். அவள் வந்து இறங்கும்போது மேஸ்திரிமேல் நாற்றம் இருக்காது. சட்டையில் இருக்காது. குவைத் சோப்பு போட்ட அவள்மேலும் இருக்காது. மறுநாள் காலை அவள் அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொள்வாள். மூன்று பேரும் உப்பளத்துக்குப் போவோம். அன்று சாயங்காலம் திரும்பும்போது மூன்று பேரும் சேர்ந்து நாறுவோம்! அன்றைக்கு மட்டும், இந்த ஊரில் யாரும் மூக்கைப் பிடிக்கக் கூடாது!

பொய் சொன்னவனுக்கும் மேடை கொடுத்த டாக்டரம்மாவுக்கும், கேலியைத் தாங்கிக்கொண்ட காசிலிங்கம் மேஸ்திரிக்கும், கடைசி வரை குரைக்காமல் கேட்ட அத்தனை பேருக்கும் நன்றி. ஊசி போடும் வரிசை அந்தப் பக்கம் தொடங்குகிறது. வணக்கம்.