சாமி மேடையில் ஒரு கொலைகாரன்

மலேசியாவில் கூலாய் பேருந்து நிலையம், காலை 7.10. சரஸ்வதி பூஜை நாள். ஜொகூர் பாரு போகும் பேருந்துக்காக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள்.

“கொலைகாரனைக் கொண்டுபோயி சரஸ்வதி காலடியில வெச்சிட்டாங்கக்கா!” என்றாள் இளையவள்.

“யாரு?”

“என் மாமியார்தான். நீங்க குடுத்த நாவலுக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வெச்சாச்சு. நாளைக்குக் காலையிலதான் தொடணுமாம்.”

“அலமாக், ஐயையோ! எதுவரைக்கும் படிச்ச?”

“கொலைத் தொழில் கத்துக்கிற பையன்கிட்ட அவன் குரு வெஷத்தைக் குடுத்து, ‘உன் தங்கச்சியைக் கொல்லு’ங்கிறாரு. இன்னும் பதினாறு பக்கம்தான்! பஸ்ல முடிச்சிடலாம்னு இருந்தேன்.”

“வருஷத்துல ஒருநாள்தானே லா.”

“அப்ப அவங்க மகன் போனு? அதுவும் சாமிகிட்டதான் இருந்துச்சு. பொட்டு வெச்சு உடனே திருப்பிக் குடுத்துட்டாங்க. வேலைக்கு வேணுமாம்! எனக்கு மட்டும்தான் சட்டமா?”

“நான் முடிவைச் சொல்லவா?”

“சொன்னீங்க, அந்தப் பையன் கத்துக்கிட்டதை உங்க மேல செஞ்சு பாப்பேன்.”

பேருந்து வந்தது. அவர்களுக்குப் பின்னிருக்கையில் எனக்கு இடம் கிடைத்தது. செனாய் தாண்டியதும் இளையவள் குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, தங்கச்சி பொழைச்சிக்கிறாளா? அது மட்டும் சொல்லுங்க.”

“நாளைக்குக் காலையில குளிச்சு, சாமி கும்பிட்டுட்டுப் படி” என்றாள் மூத்தவள்.

“நீங்களும் அவங்க கட்சிதானா!”

இளையவள் எழுந்து, ஓட்டுநருக்குப் பின்னால் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.