ஒன்பது பேருக்காக நடந்தவள்

— இந்த அநியாயத்தை உன் கண்ணாலயே பாரு, ஷைரா. ஒரே விடுதி, ஒன்பது பொண்ணுங்க, போன வாரம் பூரா போன் எண்ணின கணக்குல ஆளுக்குத் தினம் முப்பதாயிரம் அடி நடை. நிமிஷத்துக்கு நிமிஷம் ஒரே ஏத்தம், ஒரே இறக்கம். இருபது வருஷமா உடற்கல்வி சொல்லிக் குடுக்கிறேன், இப்படி ஒரு மோசடியைப் பார்த்ததில்ல.

— மக்பனுவா சார், நீங்க கூப்பிட்டது கிரிசெலை. அவ போனை எடுத்த பாவத்துக்கு எனக்கு விசாரணையா?

— அவ என் வகுப்புலயே முதல் மாணவி. அவ வாயாலயே உண்மை வரட்டும்னுதான் கூப்பிட்டேன். சரி, நீயே சொல்லு. போன்களை எதுல கட்டினீங்க? மின்விசிறியிலயா, நாய் கழுத்துலயா?

— இந்த ஊரடங்குல நாய் வெளிய போகலாம் சார், எங்களுக்குத்தான் தடை. இருபத்தொரு வயசு ஆகாதவ வாசல் தாண்டக் கூடாதுன்னு வட்டாரக் காவலர் கம்போட நிக்கிறாரு. பத்தாயிரம் அடி நடக்காதவ தேற முடியாதுன்னு நீங்க பட்டியலோட நிக்கிறீங்க. உத்தரவு ரெண்டு, கால் ஒரு ஜோடி. மணிலாவுல நாங்க எங்க போய் நடக்கிறது?

— மேடைப்பேச்சு நல்லாத்தான் இருக்கு. கேட்டதுக்குப் பதில்?

— கிரிசெல் நடந்தா. போதுமா?

— ஒன்பது பேருக்குமா?

— பகல்ல வகுப்புக்குப் போன் வேணும். படுக்கும்போது அவகிட்ட குடுத்துடுவோம். நிவாரண அரிசி வந்த பையை இடுப்புல கட்டி, எங்க எட்டோட தன்னோடதையும் போட்டுக்கிட்டு மொட்டை மாடியில நடப்பா. விடிஞ்சா போன் தலைமாட்டுல இருக்கும். நடைராணின்னு கிண்டல் பண்ணுவோம். அவளாதான் கேட்டு வாங்கினா சார், நாங்க திணிக்கல.

— எத்தனை நாளா?

— சமார் தீவுக்குப் போற கப்பல் நின்னதுலேருந்து. அவளால ஊருக்குப் போக முடியல. அம்பது நாள் இருக்கும்.

— இரு, மணி வாரியாப் பாக்குறேன். பதினொண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் ஒரு மணி நேரம்கூடக் காலியா இல்ல. ஏழு மணி வகுப்புக்கு முதல் ஆளா வந்துடுறா. சாயங்காலம் வரைக்கும் திரையில இருக்கா. ஷைரா, இவ எப்போ தூங்குறா?

— நாங்க அதைக் கேட்டதே இல்ல சார்.

— அடிக் கணக்கோட தினம் அனுப்புற படிவத்துல கடைசிக் கட்டம், ‘இன்று மனம் எப்படி இருக்கிறது’ன்னு. அதை யார் நிரப்பினது?

— அவதான், போன் அவகிட்டதானே. எங்களுக்கெல்லாம் ‘மகிழ்ச்சி’ன்னு போட்டிருப்பா.

— எட்டு பேருக்கும் போட்டிருக்கா. தன்னோடதை மட்டும் அம்பது நாளும் காலியா விட்டிருக்கா.

— நீங்க பார்க்கலையா?

— அடியை மட்டும் கூட்டினேன். நூத்துக்கு நூறு போட்டேன். அவளைப் பார்த்து நடங்கன்னு மத்தவங்களுக்கும் சொன்னேன்.

— அப்புறம் எங்களை மோசடின்னு சொல்ல வாய் எப்படி வருது? மனசுக்குன்னு ஒரு கட்டம் வச்சீங்க, படிக்கல. நாங்க அவ இடுப்புல போனை ஏத்தினோம், முகத்தைப் பார்க்கல. ரெண்டு தரப்பும் சேர்ந்துதான் அவளை நடக்க விட்டிருக்கோம்.

— திட்டு, வாங்கிக்கிறேன். முதல்ல அவகிட்ட போனைக் குடு.

— இங்க இல்ல சார். நேத்து எங்க போனை வாங்கமாட்டேன்னுட்டா. ‘இனிமே உங்க நடையை நீங்களே பார்த்துக்கங்க’ன்னா, சிரிச்ச முகமா. சரியாயிட்டான்னு சந்தோஷப்பட்டோம். இன்னைக்குக் காலைல தன் பங்கு மத்தி மீன் டின், நூடுல்ஸ் எல்லாத்தையும் எங்களுக்குப் பிரிச்சுக் குடுத்தா. பையைத் துவைச்சு மடிச்சு வச்சுட்டு இப்பத்தான் எழுந்து போனா.

— எங்க போனா?

— எங்க போக முடியும்? கீழ காவலர் நிக்கிறாரு, வெளிய விடமாட்டாரு.

— அப்போ?

— சார்... படியேறுற சத்தம்தான் கேட்டுது.

— ஓடு, ஷைரா. மத்த ஏழு பேரையும் கூட்டிக்கிட்டு ஓடு. யார் முந்தினாலும் அவ கையைப் பிடிச்சுக்கங்க, விடாதீங்க. இதைக் கேட்டுக்கிட்டு நிக்கிற அத்தனை பேரும் ஓடுங்க.