ராசாவின் அங்கி

ஊர்காவற்றுறை பஸ் மண்கும்பானைத் தாண்டியபோது, முன் இருக்கையில் இருந்த பெண் பக்கத்திலிருந்த மூத்தவளிடம் சொன்னாள்:

“ராசாவின்ர அங்கி எங்கட சன்னல் திரைச்சீலை, அக்கா. பள்ளிக்கூட வாணிவிழா நாடகத்தில மகள்தான் ராசா. கனடாவில இருந்து மச்சாள் ஆசையா அனுப்பின திரைச்சீலை. வெட்டித் தைச்சிட்டன்.”

“மச்சாளுக்குத் தெரியுமோ?”

“போனில நாடகம் பாத்துக் கண்டுபிடிச்சிட்டா. உடன கோல் எடுத்தவ.”

“ஏசினாவோ?”

“இல்லை. ராசாவுக்கு உடுப்புக் குடுத்தது தானெண்டு அங்க எல்லாருக்கும் சொல்லிப்போட்டாவாம். அடுத்த வருசம் மேடையில தன்ர பேரை வாசிக்கோணுமாம்.”

“நீர் என்ன சொன்னனீர்?”

“வாசிப்பம் எண்டனான். சோபாக் கதிரை உறையையும் அனுப்பச் சொன்னனான். மந்திரிக்கு இன்னும் சட்டை இல்லை.”