தங்கையின் முகம்

சிலைக்குக் காகிதக்கூழ் செய்யப் பழைய காகிதம்தான் நல்லது. புதுக் காகிதம் எத்தனை நாள் ஊறினாலும் முரண்டு பிடிக்கும். பேட்டி எடுக்க வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் எழுதிக்கொள்ள மாட்டார்கள். எதைப் பார்த்து இப்படியெல்லாம் செய்யத் தோன்றுகிறது என்றுதான் கேட்பார்கள். வீட்டில் என் தங்கை இருக்கிறாள், அவளைப் பார்த்துத்தான் என்பேன். உங்களுக்கும் அதே பதில்தான் சார்.

அவளுடைய ஒன்பது வயது மகளை கோர்ட் மூலம் வாங்கிக்கொண்டு கணவன் ஊரை விட்டே போய்விட்டான். எங்கே என்று தெரியாது. தங்கை ஒரு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்து, என் வேலைக்கூடத்தின் ஜன்னலோரம் தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள். அதுவரை நான் செய்ததெல்லாம் கடைத்தெரு பொம்மை. சொல்வதற்கென்ன வெட்கம். அவள் கழுத்து தெருப்பக்கம் திரும்பியிருந்த விதத்தை வைத்து, கம்பி, சாக்கு, காகிதக்கூழ் எல்லாம் சேர்த்து ஒன்று செய்தேன். கண்காட்சியில் அதன் முன்னால் ஒரு அம்மாள் நின்று அழுதாள். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. என் வேலையைப் பார்த்து ஒருவர் அழுதது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் வருஷம் மகளிடமிருந்து கடிதம் வந்தது. தபால் பெட்டிச் சாவி என்னிடம் இருந்தது. கொடுக்கத்தான் நினைத்தேன். ஒரு சிலை பாதியில் நின்றது, முடித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தேன். அது முடிவதற்குள் அடுத்த சிலை, அடுத்த கடிதம். வைத்திருந்தால் என்றாவது அவள் கண்ணில் பட்டுவிடும். சிலதை மட்டும் பூட்டி வைத்துவிட்டு மற்றதை வாளியில் ஊறப்போட்டேன். மை கரைந்து கூழில் மெல்லிய நீலம் ஏறியது. தோலுக்கு அடியில் நரம்பு ஓடுகிறது என்று பத்திரிகையில் எழுதினார்கள். கூழைப் பிசைந்து கொடுத்தது தங்கைதான். சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கிறது என்று அவளே கேட்டு வாங்கிச் செய்தாள்.

ஆனால் யாராலும் ஒரே முகத்தோடு காலமெல்லாம் காத்திருக்க முடியாது. ஏழாம் வருஷம் அவள் தையல் வகுப்புக்குப் போகிறேன் என்றாள். நன்றாகத் தூங்கினாள், சிரிக்கக்கூடச் செய்தாள்.

"பெத்த மனசு பித்து, பிள்ளை மனசு கல்லு. நான் விட்டுட்டேன்க்கா" என்றாள்.

நான் ஆடிப்போய்விட்டேன். மறுநாள் ஒரு கடிதத்தைக் கொடுத்தேன். லீவுக்கு வருகிறேன் அம்மா என்று எழுதியிருந்தது. அந்த லீவு போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தேதியும் விலாசமும் இருந்த ஓரத்தைக் கிழித்துவிட்டு, தபாலில் கிழிந்திருக்கும் என்றேன். நம்பினாள். மறுபடி ஜன்னலுக்கு வந்தாள். அதன்பின் முகம் தளரும்போதெல்லாம் ஒன்று கொடுத்தேன். என்னிடம் கோபமே பட்டதில்லை, பாவம்.

போன வருஷம் அந்தப் பெண்ணே வந்துவிட்டாள். வளர்ந்து, வேலைக்குப் போகிறவளாக. வாசலில் நின்று, "பெரியம்மா, அம்மா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"உங்கம்மா போய் மூணு வருஷம் ஆச்சும்மா. உன் லெட்டர் எதையும் அவ பிரிச்சுக்கூடப் பார்க்கல."

வாசல் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். ஞாபகத்துக்கு ஏதாவது கொடுங்கள் என்றாள். சின்னத் தலை ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். அது அவசரத்துக்குச் செய்தது. ஊறவைக்காமல் கடிதத்தைக் கீற்றுக் கீற்றாக ஒட்டி, மேலே கூழைப் பூசியிருந்தேன். பிந்தி வந்த கடிதங்களெல்லாம் பால்பாயின்ட்டில் எழுதியவை; அந்த மை தண்ணீரில் கரையாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவள் வீட்டில் மழை ஈரம் பட்டுக் கன்னம் உரிந்ததும், உள்ளே அவள் கையெழுத்தே தெரிந்திருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் வந்த அன்று தங்கை உயிரோடு உள்ளறையில்தான் இருந்தாள். முக அச்சு எடுக்க பிளாஸ்டர் பூசி உட்கார வைத்திருந்தேன். இறுகும்வரை கண் திறக்கக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. நான் மெதுவாகத்தான் பேசினேன். ஆனால் அம்மா என்ற அந்தக் குரல் அவள் காதில் விழுந்திருக்கிறது. பிளாஸ்டரைக் கழற்றியதும் யாருக்கா வந்தது என்று கேட்டாள். விலாசம் தெரியாமல் வந்த பெண் என்றேன். சரி என்று முகம் கழுவப் போனாள். அச்சைத் திருப்பிப் பார்த்தேன். பிளாஸ்டருக்குள்ளேயே உதடு பிரிந்து, புருவம் மேலே ஏறியிருந்தது. பதினாறு வருஷத்தில் எனக்குக் கிடைத்த நல்ல முகம் அதுதான். நான்கு மாதத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டாள். கடைசிவரை நான்தான் கஞ்சி ஊட்டினேன்.

அந்தப் பெண் வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்கிறீர்கள். உரிந்த கன்னத்தைக் கண்டவர்களிடம் கொடுத்துக் கெடுத்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். நானே சரிசெய்து தருகிறேன். அவள் எழுதியது இன்னும் இரண்டு மிச்சம் இருக்கிறது.