அப்புறம் அக்காவின் விடுப்பு விழா

மேடையின் நடுநாயகமாக அமர்ந்து, "சுருக்கமா முடிச்சுடு" என்று கண்ணாலேயே எனக்குக் கட்டளையிட்டுக்கொண்டிருக்கும் விழாத் தலைவர், பால் சங்கத்தின் பெருந்தலைவர் அவர்களே! சென்ற ஆண்டு எங்கள் துணை சுகாதார நிலையத்தை மூட வந்து, இந்த ஆண்டு அதன் புதுக் கட்டடத்தைத் திறக்க வந்திருக்கும் மாவட்ட சுகாதார அதிகாரி அம்மா அவர்களே! நேற்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஊரே திரண்டு கைதட்டியதைக் கண்டு, தப்பான நிறுத்தத்தில் இறங்கிவிட்டோமோ என்று மிரண்டுபோன புதிய செவிலியர் தங்கையே! முன்வரிசை நாற்காலிகளை முந்திக்கொண்டு பிடித்த பெரியோர்களே! நாற்காலி கிடைக்காவிட்டாலும் நல்ல வார்த்தை ஒன்று கிடைக்காதா என்று குழந்தைகளை இடுப்பில் ஏந்தி நிற்கும் தாய்மார்களே! எல்லாருக்கும் மேலாக, எங்களால் கைப்பிடித்து இழுத்து மேடையேற்றப்பட்டு, எப்போது நழுவலாம் என்று படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் அப்புறம் அக்கா அவர்களே! அனைவருக்கும் அடியேனின் அன்பு வணக்கம்!

நான் பேச்சாளன் அல்லன். மைக் செட் கடைக்காரன். இந்த வட்டாரத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் எல்லாருக்கும் முன்னால் மேடையேறுகிறவன் நான்தான். "ஹலோ, ஹலோ" என்று சொல்லிவிட்டு எல்லாருக்கும் முன்னால் இறங்குகிறவனும் நான்தான். எத்தனையோ பேச்சாளர்களின் முழக்கத்தை இந்த ஒலிபெருக்கிக் குழாய்கள் வழியாக ஊருக்கு ஊற்றியிருக்கிறேன். அதில் கொஞ்சம் என் மேலும் தெறித்திருக்காதா? அதனால் இன்று இறங்க மாட்டேன். தலைவர் அவர்கள் மன்னிக்க வேண்டும். மைக்கை அணைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று இந்த மேடையில் எனக்கு மட்டும்தான் தெரியும்!

அன்பர்களே! பணி ஓய்வுக்கு விழா எடுத்த ஊர்கள் உண்டு. பதவி உயர்வுக்கு விழா எடுத்த ஊர்கள் உண்டு. ஒரு செவிலியர் விடுப்பில் போவதற்குப் பந்தல் போட்டு, தோரணம் கட்டி, மைக் வைத்து விழா எடுக்கும் ஊர் எங்காவது உண்டா? நம்மூர் உண்டு! நாளைக் காலை முதல் பஸ்ஸில் அப்புறம் அக்கா விடுப்பில் போகிறார். இங்கே பணியில் சேர்ந்த பிறகு அவர் எடுக்கும் முதல் விடுப்பு இது. இந்த விடுப்பு எப்படிக் கிடைத்தது என்பதைத்தான் நான் சொல்ல வந்திருக்கிறேன்.

புதிய செவிலியர் தங்கைக்கு ஒரு சந்தேகம். காலையில் என்னிடம் கேட்டார், "அண்ணே, அவங்களுக்கு ஏன் இப்படி ஒரு பேரு?" சொல்கிறேன் தங்கையே, இது உங்கள் தொழிலுக்கும் உதவும்.

நம்மூர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. உடம்புக்கு முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். சுகாதார நிலையத்துக்கு நொண்டிக்கொண்டே வருவோம். "என்னங்க செய்யுது?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, சும்மாதான் வந்தேன்" என்போம். இவருக்கு முன்னால் இருந்தவர்கள், சும்மா வந்தவர்களைச் சும்மாவே அனுப்பிவைத்தார்கள். அக்கா அப்படி அனுப்பவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்காரச் சொன்னார். முகத்தைப் பார்த்தார். ஒரே ஒரு சொல் சொன்னார்: "அப்புறம்?"

அடடா, அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை சாவி! முதல் 'அப்புறம்' கேட்டால் மழை வரும், மாட்டுத் தீவனம் வரும். இரண்டாவது 'அப்புறம்' கேட்டால் மருமகள் வருவாள். மூன்றாவது 'அப்புறம்' கேட்டால்தான், "அது ஒண்ணுமில்லக்கா, ராத்திரியில ஒண்ணுக்குப் போறப்ப எரியுது" என்று விஷயம் வரும்! சிரிக்காதீர்கள் மெக்கானிக் அண்ணாச்சி, நான் உங்களைச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றால் ஏன் எழுந்து நிற்கிறீர்கள்? உட்காருங்கள்.

என் உடன்பிறந்த தங்கை கர்ப்பமாக இருந்தாள். அவளும் சும்மாதான் போனாள். அக்கா 'அப்புறம்' கேட்டார். "கொஞ்சம் தலைவலி" என்றாள். "அப்புறம்?" "செருப்பு இறுக்கமாயிடுச்சு, புதுசு வாங்கணும்." அந்தச் செருப்பைத்தான் அக்கா பிடித்துக்கொண்டார். செருப்பு சுருங்கவில்லை, கால் வீங்கியிருக்கிறது என்று கண்டார். பிரஷர் பார்த்தார், ஏறிக்கிடந்தது. தாய்க்கும் ஆபத்து, சேய்க்கும் ஆபத்து என்கிற நிலை. அன்றிலிருந்து மாத்திரை கொடுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் அவரே வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்தார். "ஏறுச்சுன்னா உடனே பாலம் தாண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். அதை நான் பாத்துச் சொல்றேன், நீ பயப்படாத" என்றார்.

அந்த நேரத்தில்தான், அன்பர்களே, அதிகாரி அம்மா முதல் தடவை வந்தார்கள். ஆள் பற்றாக்குறை, சின்ன நிலையங்களில் தேவை இருப்பவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை மூட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அம்மா ஜீப்பிலிருந்து இறங்கினார்கள். கூட்டத்தைப் பார்த்துக் கனிவோடு கேட்டார்கள், "எல்லாரும் எப்படி இருக்கீங்க?"

நாம் என்ன சொன்னோம்? வெட்கப்படாமல் சொல்லுங்கள்! ஆமாம், அதையேதான் சொன்னோம். "நல்லா இருக்கோம்மா!"

சர்க்கரை நோய்க்காரர் சொன்னார், நல்லா இருக்கோம். மூட்டு வலிக்காரர் கைத்தடியைத் தூக்கிக் காட்டிச் சொன்னார், நல்லா இருக்கோம். இருமலை விழுங்கிக்கொண்டு ஒருவர் சொன்னார், நல்லா இருக்கோம். வீடு தேடி வந்தவரிடம் நோவைச் சொல்லி மூக்கைச் சிந்துவது மரியாதை இல்லை என்பது நம் நினைப்பு. அம்மா திரும்பிப் போனார்கள். கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது: இவ்வூர் மக்கள் நலமாக உள்ளனர், நிலையம் தேவையில்லை, செவிலியருக்கு இடமாற்றம்.

ஊருக்கெல்லாம் நிலையம் போகிறது என்ற கவலை. என் வீட்டிலோ உயிர் போய்விடுமோ என்ற கவலை. தங்கைக்குப் பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. அக்கா போய்விட்டால் பிரஷர் பார்ப்பது யார்? ஏறியது என்று சொல்வது யார்? தங்கையின் கணவர், என் மாப்பிள்ளை, லாரியையே ஒரு கையால் வளைக்கிற ஆள், என் கடையில் வந்து ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

தலைவர் அவர்கள் தலைமையில் மாவட்ட அலுவலகத்துக்குப் போனோம். அம்மா கேட்டார்கள், "நீங்கதானே நல்லா இருக்கோம்னு சொன்னீங்க?" "இன்னொரு தடவ வந்து கேளுங்கம்மா" என்று கெஞ்சினோம். பெரிய மனசு பண்ணி ஒப்புக்கொண்டார்கள்.

அதற்காக நாம் ஒத்திகை பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? யார் எந்த நோயைச் சொல்வது, யாருக்குப் பின்னால் யார் சொல்வது என்று பள்ளிக்கூட மைதானத்தில் பேசிப் பேசிப் பழகினோமே! அம்மா வந்தார்கள். மைக் முன்னால் நின்றார்கள். "எல்லாரும் எப்படி இருக்கீங்க?" என்றார்கள். ஊர் முழுவதும் ஒரே குரலில் என்ன முழங்கியது?

"நல்லா இருக்கோம்மா!"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! அன்று சிரிக்க முடியவில்லை. எல்லாரையும்விட உரக்கச் சொன்னவர் யார் தெரியுமா? வேண்டாம், தலைவர் என்னை முறைக்கிறார்.

அம்மா மைக்கை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்கள். முடிந்தது கதை என்று நினைத்தேன். அப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி கூட்டத்தை விலக்கி வந்தாள். என் தங்கை. நாலு பேர் முன்னால் பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் அவளுக்கு. "அண்ணே, மைக்கக் குடு" என்றாள்.

"அம்மா, இங்க நல்லா இருக்கோம்னு சொல்றது வணக்கம் சொல்ற மாதிரிம்மா. அது பதில் இல்ல. எங்க அக்கா கேக்கற மாதிரி ஒரே ஒரு தடவ, 'அப்புறம்?'னு கேட்டுப் பாருங்க."

அம்மா அவளைப் பார்த்தார்கள். அவள் வீங்கிய கால்களைப் பார்த்தார்கள். மைக்கை வாங்கி மெதுவாகக் கேட்டார்கள்:

"அப்புறம்?"

மடை திறந்தது, அன்பர்களே! டீக்கடைக்காரர் எழுந்தார்: "எனக்குச் சக்கர வியாதிம்மா. கால்ல புண்ணு வந்து அழுகப் பாத்துச்சு. அக்காதான் தினம் கட்டுப் போட்டு காலக் காப்பாத்துனாங்க." தச்சர் எழுந்தார்: "மாசக்கணக்குல இருமல்மா. டிபின்னு கண்டுபிடிச்சு, மாத்திரைய என் கையில குடுத்து நான் முழுங்கற வரைக்கும் நின்னு பாப்பாங்க." பிள்ளைக்குக் கைவைத்தியம் பார்த்தே காய்ச்சலை முற்றவிட்ட தாய் எழுந்தாள். அக்கா பிழைக்கவைத்த பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். அவன் அவள் கையில் துள்ளிக்கொண்டிருந்தான்.

கடைசியில் தங்கை சொன்னாள், "நல்லா இருக்கோம்னு சொன்னது பொய் இல்லம்மா. இவங்க இருக்கறதால நல்லா இருக்கோம். இவங்களக் கூட்டிட்டுப் போயிட்டு, வந்து கேளுங்க. அப்ப நல்லா இருக்கோம்னு சொல்ல ஆளு இருக்கணுமே!"

கைதட்டுங்கள்! இந்தக் கைதட்டல் அவளுக்கு அன்றே கிடைத்திருக்க வேண்டும். அன்று யாருக்கும் கை எழவில்லை. கண்ணைத் துடைக்கத்தான் எழுந்தது.

அதிகாரி அம்மா அக்கா பக்கம் திரும்பினார்கள். "நீங்க எப்படி இருக்கீங்க, சிஸ்டர்?"

அக்கா சிரித்தார். "நல்லா இருக்கேன் மேடம்."

அடுத்த குரல் எங்கிருந்து கிளம்பியது என்று தெரியாது. பெண்கள் பக்கமா, பெரியவர்கள் பக்கமா, தெரியாது. ஒத்திகை இல்லாமல், ஓர் ஒலிபெருக்கி இல்லாமல், ஊரே ஒரே குரலில் கேட்டது:

"அப்புறம்?"

அக்காவின் சிரிப்பு உடைந்தது. ஊரையெல்லாம் 'அப்புறம்' கேட்ட அந்த மகராசியை அதுவரை யாரும் கேட்கவில்லை, அன்பர்களே! யாருமே கேட்கவில்லை! "தடுப்பூசிப் பெட்டி தூக்கித் தூக்கித் தோள்பட்டை ராத்திரியில தூங்க விடல மேடம். குவார்ட்டர்ஸ்ல கட்டிலுக்கு நேர் மேல ஒழுகுது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்துச்சு, போக முடியல. மாத்து ஆள் இல்ல. இந்த ஊர்ல எல்லா அம்மாவுக்கும் கை பிடிச்சுப் பிரஷர் பாக்கறேன். எங்க அம்மாவ போன்லதான் பாக்கறேன்."

அதிகாரி அம்மா அவரை அணைத்துக்கொண்டார்கள். இடமாற்ற உத்தரவு அங்கேயே நின்றுபோனது. "தேவை இருக்கான்னு கேட்டேன். யாரு இருக்கறதால அந்தத் தேவை வெளிய தெரியலன்னு கேக்கத் தவறிட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார்கள். அப்படிச் சொல்ல எத்தனை அதிகாரிகளுக்கு மனம் வரும்?

மறுநாள் கொத்தனார் குவார்ட்டர்ஸ் கூரைமேல் நின்றார். தடுப்பூசிப் பெட்டி பால் வண்டியில் ஏறியது. இன்றுவரை அக்கா தோளில் ஏறவில்லை. பிறகு ஒரு காலையில் என் தங்கைக்குப் பிரஷர் ஏறியது. அக்கா பார்த்தார், சொன்னார், கூடவே வண்டியில் ஏறினார். பாலம் தாண்டினோம். பெரிய ஆஸ்பத்திரியில் தாயும் பிழைத்தாள், சேயும் பிழைத்தது. அந்தக் குழந்தைதான் அதோ, அழுகிறாளே, கேட்கிறதா? அழட்டும், அடக்காதீர்கள்! என் மருமகளின் அழுகையைவிட இனிய ஒலியை இந்தக் குழாய்கள் இதுவரை கேட்டதில்லை.

அன்பர்களே! ஆஸ்பத்திரி என்பது செங்கல்லா? சிமெண்டா? சுண்ணாம்பு பூசிய சுவரா? பெரிய ஆஸ்பத்திரி எட்டாத ஊர்களில் எல்லாம் ஒற்றை ஆளாய் நின்று, ஊரைக் காக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் ஆஸ்பத்திரி! அந்த ஆஸ்பத்திரிக்குத் தோள் வலிக்கும். அந்த ஆஸ்பத்திரிக்கு அம்மா இருப்பார். அந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கம் வேண்டும், துணை வேண்டும், விடுப்பு வேண்டும்! காக்கிறவரைக் காக்காத ஊரை யார் காப்பது? நாம் காத்தோம்! கேட்டோம், வென்றோம், இன்று கொண்டாடுகிறோம்!

அக்கா, போய் உங்கள் அம்மாவின் கையைப் பிடித்துப் பிரஷர் பாருங்கள். வேலையை நினைக்காதீர்கள். புதுத் தங்கை இருக்கிறார். அவருக்கும் ஒரு பெயர் வைக்காமலா விடப்போகிறோம்?

நிறைவாக, அதிகாரி அம்மா அவர்களே! கட்டடம் தந்தீர்கள், நல்லா இருக்கோம். இரண்டாவது செவிலியரைத் தந்தீர்கள், ரொம்ப நல்லா இருக்கோம். நல்லா இருக்கோம் அம்மா, நல்லா இருக்கோம்... கேளுங்கள் அம்மா... கேட்டுவிட்டார்கள்! 'அப்புறம்?' என்று கேட்டுவிட்டார்கள்! நான் சொல்லவா, நீங்கள் சொல்கிறீர்களா?

டாக்டர்! ஆமாம், வாரத்துக்கு ஒருநாளாவது ஒரு டாக்டர்! காதில் விழுந்ததா அம்மா? மைக் இல்லாமலே விழுந்திருக்குமே!

கூட்டம் முடிந்ததும் மைக்கை அணைத்துக் கழற்றுவது என் வழக்கம். இன்று அணைக்கவில்லை. அம்மாவின் முன்னால் வைத்துவிட்டு இறங்குகிறேன். பதில் அதில் வரட்டும், ஊர் முழுக்கக் கேட்கட்டும். பொறுத்துக் கேட்ட தலைவருக்கும், சிரித்துக் கேட்ட பெரியோர்களுக்கும், குரல் கொடுத்த தாய்மார்களுக்கும் நன்றி. அக்காவுக்கு ஆயிரம் வணக்கம்!