தொப்பிக்காரரின் ஒரு சொட்டு

எலுமிச்சைத் தோலைச் சீவும்போது அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதி சேர்ந்து வரக்கூடாது. வந்தால் பானம் கசக்கும். காக்டெயில் கலக்க மாலை வகுப்பில் கற்றபோது எனக்குக் கடைசிவரை கைவராத வேலை அதுதான். மற்றவற்றிலும் நான் சுமார்தான். கைதேர்ந்தவள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது, ஐயா.

என் அண்ணன் சர்க்கரை நோயாளி. ஒரு காலையில் பேருந்து நிறுத்தத்து பெஞ்சில், உட்கார்ந்தபடியே செத்துக் கிடந்தான். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார் மருத்துவர். குடித்திருந்தான் என்று உங்கள் ஸ்டேஷனில் எழுதி முடித்துவிட்டீர்கள். எங்கே குடித்தான் என்று யாரும் கேட்கவில்லை.

அதனால் நானே தேடினேன். பழைய அமெரிக்க மதுவிலக்குக் காலம் போல வேஷம் கட்டி ஒளிந்திருக்கும் பார்கள் இந்த நகரத்தில் நிறைய உண்டு. அண்ணனுக்கு அவற்றின் மேல் ஒரு பைத்தியம். புத்தக அலமாரியைத் தள்ளினால் ஒன்று. தையல்கடையின் உடைமாற்றும் அறைக்குள் ஒன்று. எல்லாவற்றிலும் மங்கல் விளக்கு, தேநீர்க் கோப்பையில் மது. கடைசியாக ஒரு சலவைக்கடை. "கறை போகலை" என்று சொன்னால் இயந்திரங்களுக்குப் பின்னால் உள்ள கதவைத் திறப்பார்கள்.

அதன் முதலாளியைத் தொப்பிக்காரர் என்பார்கள். அன்று அவர் பக்கத்து மேசையில் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் ஒருத்தன் இங்கயே சுருண்டுட்டான். ஆம்புலன்ஸ் வந்தா கதவு தெரிஞ்சுடும்ல? தூக்கிட்டுப் போய் பஸ் ஸ்டாப்ல உட்கார வச்சோம். மகராசன், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரியே இருந்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அதன் பிறகுதான் மாலை வகுப்பில் சேர்ந்தேன். முடித்ததும் அவரிடமே வேலை கேட்டுப் போனேன். நான் யாருடைய தங்கை என்று அவருக்குத் தெரியாது.

"என்னம்மா, தோல் சீவுறியா, மரம் செதுக்குறியா?" என்பார் என் எலுமிச்சையைப் பார்த்து. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சாப்பிட்டாயா என்று தினமும் கேட்பார்.

அவருக்கு ஒரு வழக்கம். எந்தக் கோப்பையிலும் முதலில் ஸ்ட்ராவை விட்டு, மேல்முனையை விரலால் மூடி எடுத்து, ஒரு சொட்டு ருசி பார்ப்பார். பாதாம் பாகு சேர்ந்ததை மட்டும் அவருடைய அக்கா மகள் பார்ப்பாள். "பாதாம் பட்டாலே எனக்கு மூச்சு அடைச்சிடும்மா. பார்த்து" என்று முதல் நாளே எனக்கும் சொல்லியிருந்தார். பாகு இருக்கும் கறுப்புப் புட்டிகளில் பெயர் ஒட்டமாட்டார். ஒட்டினால் பழைய காலத்துக் களை போய்விடுமாம். கழுத்தில் கட்டிய நாடாவின் நிறம்தான் அடையாளம்.

நான் இரண்டு நாடாக்களை மாற்றிக் கட்டினேன்.

கொல்வதற்காக அல்ல, ஐயா. கீழே விழுவது அவர்களில் ஒருவராக இருந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்களா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஒழுங்காகச் செய்த சோதனை என்றே இன்னமும் நினைக்கிறேன்.

கடை திறக்கும் முன் நாங்கள் மூவர்தான் இருந்தோம். நான் கலந்து வைத்த கோப்பையில் அவர் ஸ்ட்ராவை விட்டார். "பரவாயில்லையே, இன்னிக்குக் கசக்கலை" என்றார். பிறகு தொண்டையைப் பிடித்துக்கொண்டார். தொப்பி பனிக்கட்டித் தொட்டிக்குள் விழுந்தது.

"மாமா, மூச்சு விடுங்க மாமா, என்னைப் பாருங்க" என்றபடி அக்கா மகள் போனை எடுத்தாள். எண்ணை அழுத்தத் தொடங்கினாள். நான் அதை மெதுவாக வாங்கிக்கொண்டேன்.

"கதவு தெரிஞ்சுடும்" என்றேன்.

அவள் தெருவுக்கு ஓடி ஆட்களைக் கூட்டிவந்தபோது அவர் அடங்கியிருந்தார். அதுவரை பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் அண்ணன் பெயரை அவரிடம் சொன்னேன். காதில் விழுந்ததா தெரியவில்லை.

அவள் கூப்பிடத்தானே போனாள், உன் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதே என்கிறீர்கள். இல்லை, ஐயா. அவள் எண்ணை முழுதாக அழுத்துவதற்குள் நான் வாங்கிவிட்டேன். கூப்பிட்டிருப்பாளா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. சோதனை அரைகுறையாக நின்றுபோனதில் மட்டும்தான் எனக்கு வருத்தம்.